புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்: வச்சிருக்கவங்க சொல்றத கேட்டு வாங்கும்போது நடக்குற தப்புகள்

செங்கோட்டைல என் ரூம் பத்துக்குப் பத்து, உயரமும் பத்தடி. மேல கான்கிரீட், சுத்தி செங்கல் சுவர், கீழ டைல்ஸ், ஜன்னல் ஒண்ணே ஒண்ணு. இத மொதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா நான் இனிமே சொல்லப்போற முக்காவாசி விஷயம் இந்த ரூமாலதான் எனக்குப் புரிஞ்சது.

புனலூர்ல எனக்குப் பழக்கமான ஒரு சேட்டன் இருக்காரு, ஆறு வருஷமா ஒரே ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் (மேசைல, ஸ்டாண்டுல வைக்கிற சின்ன ஸ்பீக்கர் பெட்டி) வச்சிருக்காரு. எப்படி இருக்குன்னு கேட்டப்ப "வாய்ஸ் அடிபொளியாணு, பேஸ் மாத்ரம் கொறச்சு கொறவா"ன்னாரு. பேஸ்னா தாழ்ந்த, கனமான சத்தம். ஆறு வருஷம் கேட்டவர் சொல்றாரேன்னு அதே மாடலை வாங்கிட்டேன், பேஸ் கொறவுன்னு வேற சொல்லிட்டாரா, அதனால மூலைல சுவரோட ஒட்டி செல்ஃப்ல ஏத்தி வச்சேன், மூலைல வச்சா பேஸ் கூடும்னு எல்லாரும் சொல்றதுதானே. பாட்டு போட்டா ஒரே குமுறல். மிருதங்கத்துல தொப்பிப் பக்கம் ஒவ்வொரு அடியும் ஒரே ஸ்வரத்துல "பூம் பூம்"னு கேக்குது, தவிலும் பேஸ் கிட்டாரும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு பிரியவே மாட்டேங்குது. ரெண்டு மாசம் அந்த ஸ்பீக்கர் சரியில்லன்னு நானே பத்து பேர்ட்ட சொல்லிட்டேன்.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கெழமை ரெண்டு பெட்டியையும் போர்வைல சுத்தி பைல போட்டு புனலூர் வழியா கொல்லம் போற ரயில்ல ஏறிட்டேன். 2018ல அகலப்பாதை ஆனதுக்கப்புறம் இந்த வழி திரும்ப உயிர் வந்த மாதிரி, குகையத் தாண்டி பதிமூணு கண் பாலத்துல ரயில் போறப்ப ஜன்னலோரம் இருக்கணும், அது தனிக் கதை. சேட்டன் வீட்ல என் பெட்டிய மாட்டிக் கேட்டா, அவர் சொன்னது அப்படியே சரி. குரல் முன்னால வந்து நிக்குது, பேஸ் கொஞ்சம் கொறவு. அதே பெட்டி, அதே பாட்டு.

அவரு வீடு ஓட்டு வீடு. நீளமான ஹால், ஒரு பக்கம் வராந்தா தொறந்தே கெடக்கு, ஓட்டு இடுக்கு வழியா, வாசல் வழியா பேஸ் பாட்டுக்கு வெளிய போயிடுது. என் ரூம்ல அதுக்குப் போக வழியே இல்ல.

ஆக, ஒருத்தர் தன் ஸ்பீக்கரப் பத்தி அபிப்பிராயம் சொல்றப்ப பாதி அவர் ரூமப் பத்திதான் சொல்றாரு. இத யோசிக்காம அவர் வார்த்தைய எடுத்துக்குறதுதான் நம்ம ஆளுக பண்ற மொதத் தப்பு. அமெரிக்காக்காரங்க எழுதுறத படிக்கிறப்ப இது இன்னும் முக்கியம், அங்க நெறைய வீட்ல உள்சுவர் மரச்சட்டத்துல ஜிப்சம் பலகை அடிச்சதுதான், அது தாழ்ந்த சத்தத்துக்கு லேசா அதிர்ந்து கொஞ்சத்த தின்னுடும். அதனால அவங்க "சப்வூஃபர் (பேஸுக்குன்னே தனிப் பெட்டி) இல்லாம இது ஆவாது"ன்னு எழுதுன பெட்டி நம்ம ஒம்போது இஞ்சு செங்கல் சுவருக்குள்ள போதும் போதும்ங்கற அளவுக்கு அடிக்கும்.

கணக்கும் ஒண்ணு இருக்கு, கஷ்டமில்ல. சத்தம் ஒரு நொடிக்கு சுமார் 343 மீட்டர் போகும், அத ரூம் நீளத்தோட ரெண்டு மடங்கால வகுத்தா அந்த ரூம் எந்த அலைவரிசைல குமுறும்னு வந்துடும். பத்தடின்னா கிட்டத்தட்ட 56 ஹெர்ட்ஸ், பன்னெண்டு அடின்னா 47. நீளம் அகலம் உயரம் மூணும் பத்தடியா இருந்தா மூணும் அதே 56ல வந்து ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்குது. அஞ்சு ஆறு இஞ்சு வூஃபர் (பேஸ் தர்ற பெரிய கூம்பு) வச்ச பெட்டி பெரும்பாலும் 50, 60 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் எறங்கும், அதாவது அது தர்ற கடைசி பேஸ் நேரா போய் நம்ம ரூம் குமுறுற எடத்துலயே விழுது. போன்ல டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு ஸ்பீக்கர் வழியா 40லேருந்து 100 வரைக்கும் மெதுவா ஓட்டிப் பாருங்க, வால்யூம் கம்மியா வச்சுக்கிட்டு, எந்த எடத்துல ரூம் எகிறுதுன்னு காதே சொல்லிடும்.

இதுக்கு மருந்து, நாற்காலிய நகத்துறதுதான். சுவர் ஓரம் அந்தக் குமுறல் உச்சத்துல இருக்கும், ரூமுக்கு நட்ட நடுவுல போனா அதே அலைவரிசை ஏறக்குறைய காணாமப் போயிடும். கட்டில சுவரோட போட்டு அதுல சாஞ்சுக்கிட்டு கேக்குறவங்க பேஸ் ஜாஸ்தின்னு சொல்றதும் அதே ரூம்ல நடுவுல உக்காந்து கேக்குறவங்க பேஸே இல்லன்னு சொல்றதும் ரெண்டுமே உண்மை. நான் பின்சுவர்லேருந்து மூணடி தள்ளி உக்காருறேன். பாய் விரிச்சா, திரைச்சீலை போட்டா சரியாகும்னு சொல்வாங்க, அது டைல்ஸ்ல பட்டுத் தெறிக்கிற கிரீச்சலக் கொறைக்கும், பேஸ் குமுறலத் தொடவே தொடாது. கிரீச்சல் இருக்கான்னு பாக்க ரூம் நடுவுல நின்னு ஒரு தட்டு கைதட்டுங்க, "டிர்ர்"னு வால் புடிச்ச மாதிரி இழுத்துச்சுன்னா ஜமுக்காளமும் கனத்த திரையும் தேவை. ட்வீட்டர் (கீச்சு சத்தம் தர்ற சின்ன யூனிட்) காதுல குத்துதுன்னு ஒருத்தர் எழுதிருந்தா அவர் ரூம்ல சோபா, மெத்தை எதாச்சும் இருக்கான்னு மொதல்ல கேக்கணும்.

அடுத்தது பேரு. புக்‌ஷெல்ஃப்னு பேரு வச்சதால செல்ஃபுக்குள்ள சொருகிடுறாங்க. பல பெட்டிக்குப் பின்னால ஓட்டை இருக்கும், போர்ட்னு சொல்வாங்க, அது வழியாதான் கீழ் பேஸ் வரும். க்யூ அக்கூஸ்டிக்ஸ் 3020i மாடல்ல பின்னால போர்ட், எலாக் டெபூ பி6ல பின்னால இருந்தத அடுத்து வந்த பி6.2ல முன்னாடி கொண்டுவந்துட்டாங்க. முன்னாடி இருந்தா சுவரோட ஒட்டலாம்னு அர்த்தமில்ல, அதையும் தப்பா புரிஞ்சுக்குறாங்க. 50 ஹெர்ட்ஸ் அலையோட நீளமே கிட்டத்தட்ட ஏழு மீட்டர், அது பெட்டியச் சுத்தி எல்லாப் பக்கமும் பரவும், பின்னால சுவர் பக்கத்துல இருந்தா பட்டுத் திரும்பி நேர் சத்தத்தோட சேந்துக்கும், ஒரு சுவருக்கு 6 டிபி (டெசிபல், சத்தத்தோட அளவு) வரைக்கும் கூடலாம், மூலைன்னா இன்னும் மேல. போர்ட் எந்தப் பக்கம் இருந்தா என்ன, இது நடக்கத்தான் செய்யும். ஒண்ணு ரெண்டு அடி முன்னால இழுங்க. எடமே இல்லன்னா சில பெட்டியோட ஒரு பஞ்சு அடைப்பான் வரும், அத போர்ட்ல சொருகிக் கேட்டுப் பாருங்க. அது எதுக்குன்னே தெரியாம கவரோட தூக்கிப் போட்டவங்க எனக்குத் தெரிஞ்சே ரெண்டு பேர்.

ஸ்டாண்டுக்கு ஆயிரக்கணக்குல செலவு பண்ண வேணாம், இங்க ஆசாரிட்ட ஒரு கட்டைய காட்டி ட்வீட்டர் உக்காந்த காது உயரத்துக்கு வர்ற மாதிரி கேட்டா செஞ்சு தந்துடுவாரு, சாதாரண நாற்காலின்னா ரெண்டடி ரெண்டேகாலடி போதும். ரெண்டு பெட்டிக்கும் நடுவுல எவ்வளவு தூரமோ அதே தூரம் நம்ம தலைக்கும் இருக்கட்டும். பக்கத்துல இரும்பு பீரோ இருந்தா அதுவும் கூடவே பாடும், நகத்திடுங்க.

வாட்டு விஷயத்துல பெரியவங்களே தடுமாறுறாங்க. டப்பால பிஎம்பிஓன்னு நாலு இலக்கத்துல போட்டிருக்கது எதுக்கும் உதவாத நம்பர், ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து குடுக்குற வாட்டு, எவ்வளவுன்னு மட்டும் பாருங்க. அத விட முக்கியம் சென்சிட்டிவிட்டி, 2.83 வோல்ட் குடுத்தா ஒரு மீட்டர்ல எத்தன டிபி வருதுங்குறது. 8 ஓம் பெட்டிக்கு 2.83 வோல்ட்னா ஒரு வாட், ஆனா 4 ஓம் பெட்டிக்கு அதே வோல்ட் ரெண்டு வாட் ஆயிடும், அதனால 4 ஓம்ல 88ன்னு போட்டிருந்தா ஒரு வாட்டுக்கு உண்மைல 85தான். 3 டிபி கூடணும்னா வாட்டு ரெண்டு மடங்கு வேணும், 10 டிபி கூடணும்னா பத்து மடங்கு. கேஈஎஃப் கம்பெனியோட எல்எஸ்50 பெட்டி, 2012ல வந்தது, அது 85 டிபி, அதுக்கு முன்னோடியான பிபிசியோட எல்எஸ்3/5ஏ 1970கள்ல அவங்க ஒலிபரப்பு வேனுக்குள்ள வச்சு கேக்க செஞ்சது, அது இன்னும் கம்மி, 83க்குப் பக்கத்துல. வேனுக்குள்ள ஆளு பெட்டிக்குப் பக்கத்துலயே இருப்பாரு, அதுக்கு அது போதும். அத ஒரு பெரிய ஹால்ல வச்சுட்டு "உயிரே இல்ல"ன்னு ஒருத்தர் சொன்னா அது பெட்டியோட குத்தம் இல்ல.

பத்துக்குப் பத்து ரூம்ல சாதாரணமா பாட்டு கேக்க ஒண்ணு ரெண்டு வாட்டே போதும், மத்ததெல்லாம் திடீர்னு வர்ற செண்டை அடிக்கும் தவில் அடிக்கும் கையிருப்பு. அந்தக் கையிருப்பு வேணும்தான், ஏன்னா சின்ன ஆம்ப்ப (ஸ்பீக்கருக்கு பவர் குடுக்குற ஆம்ப்ளிஃபையர்) முழுசா முறுக்கி வச்சா அலையோட தலைய வெட்டிடும், வெட்டுன அலைல மேல்ஸ்தாயி சக்தி ஜாஸ்தி, அது போய் ட்வீட்டரோட மெல்லிசான கம்பிச்சுருளத்தான் கருக்கும். பெரிய ஆம்ப் ஸ்பீக்கர எரிக்கும்னு பயந்து சின்ன ஆம்ப் வாங்கி கோயில் கொடைக்கு ஊருக்கே கேக்குற மாதிரி வச்சு ட்வீட்டர பறிகுடுத்தவர் எங்க தெருலயே இருக்காரு. இன்னொண்ணு, எடிஃபையர் ஆர்1280டி மாதிரி பெட்டிக்கு உள்ளயே ஆம்ப் இருக்கு. அதுக்கு வெளி ஆம்ப்போட ஸ்பீக்கர் வயர கொண்டுபோய் குடுத்துடாதீங்க, போச்சு.

வயருக்கு அதிகம் பேச ஒண்ணும் இல்ல. கரண்டு கடைல கிடைக்கிற 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் அஞ்சு மீட்டர் இழுத்தாலும் போக வர மொத்தம் 0.12 ஓம்தான் வரும், 8 ஓம் பெட்டிக்கு அது ஒரு பொருட்டே இல்ல. கவனமா இருக்க வேண்டியது சிவப்பு கறுப்பு. ஒரு பெட்டில மட்டும் மாத்திக் குடுத்துட்டா ஒண்ணு தள்ளும்போது இன்னொண்ணு இழுக்கும், பேஸ் அடிச்சுக்கிட்டு போயிடும், பாடுறவர் நடுவுல நிக்காம ரெண்டு பக்கமும் கரைஞ்சு போன மாதிரி இருக்கும். "பேஸே இல்ல, ஏமாத்திட்டாங்க"ன்னு ஒருத்தர் புலம்புனா நான் மொதல்ல வயரோட போட்டோ அனுப்பச் சொல்லுவேன், அப்படி மூணு பேருக்கு ஒரு நிமிஷத்துல சரியாயிருக்கு.

ரெண்டு பெட்டிய ஒப்பிட்டு "இதுதான் நல்லாருக்கு"ன்னு சொல்றவங்கள்ட்ட வால்யூம் சமமா வச்சீங்களான்னு கேளுங்க. ஒரு டிபி ரெண்டு டிபி கூட இருந்தாலே அது சத்தமா தெரியாது, தெளிவா, உயிரோட இருக்குற மாதிரிதான் தெரியும். கடைல ஆம்ப்ப தொடாம பெட்டிய மட்டும் மாத்திப் போட்டுக் காட்டுவாங்க, அப்ப 88 டிபி பெட்டி 85 டிபி பெட்டிய சும்மாவே ஜெயிச்சுடும். போன்ல சத்தம் அளக்குற ஆப் போதும், உக்காருற எடத்துல வச்சு ரெண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துட்டு அப்புறம் கேளுங்க. வாங்குன மொத வாரத்துல எழுதுன அபிப்பிராயத்துக்கு நான் அதிக மதிப்பு குடுக்குறதில்ல, காசு குடுத்தவனுக்கு அது நல்லா இருந்தாகணும்னு மனசு கெஞ்சும், அது எல்லாருக்கும் உள்ளது. ரெண்டு வருஷம் கழிச்சு, ரூம் அளவையும் ஆம்ப்பையும் சொல்லி, இந்தப் பாட்டுல இது குறைன்னு எழுதுறவர் ஒருத்தர் கிடைச்சா அவர் எழுத்த ரெண்டு தடவ படிங்க.

கடைசியா செகண்ட் ஹேண்டு. சேட்டன்மாருக நல்ல சரக்கு வச்சிருப்பாங்க, நல்லா பராமரிக்கவும் செய்வாங்க, ஆனா இந்த மலையடிவாரத்துல ஜூன்லேருந்து சாரல் அடிக்க ஆரம்பிச்சா துணியே காயாது, காத்துல அவ்வளவு ஈரம். வூஃபரச் சுத்தி இருக்குற வளையம் ரப்பரா ஃபோமான்னு பாருங்க. ஃபோம்னா பத்துப் பதினஞ்சு வருஷத்துல தானா பொடிஞ்சு உதிரும், ஈரமும் சூடும் சேந்தா இன்னும் சீக்கிரம். படத்துல கிரில் மாட்டி எடுத்துருந்தா கிரிலக் கழட்டி ஒரு படம் கேளுங்க. நேர்ல போனா விரல்நுனியால லேசா தொட்டுப் பாக்க அனுமதி கேளுங்க, பிசுபிசுன்னு ஒட்டுனாலோ பொடி வந்தாலோ வளையம் மாத்துற செலவையும் விலைல கழிச்சுப் பேசணும். பெட்டியோட அடிப்பக்க ஓரத்தத் தடவிப் பாருங்க, மரநார அழுத்திச் செஞ்ச எம்டிஎஃப் பலகை ஈரம் குடிச்சிருந்தா உப்பி மேடு தட்டும், அத சரி பண்ண முடியாது, விட்டுட்டு வந்துடுங்க. பின்னால போர்ட்டுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாக்க மறக்காதீங்க, ஒரு வீட்ல நான் பாத்த பெட்டில குளவி மண்ணு வச்சு ஓட்டைய பாதி அடைச்சு கூடு கட்டியிருந்துச்சு, அந்த வீட்டுக்காரரு "கொஞ்ச நாளா ஒரு பக்கம் பேஸ் கம்மி"ன்னு சொல்லித்தான் பாதி விலைக்கு வித்தாரு.