டி சிட்டர் பற்றிய பாடத்தை நான் திருத்திய கதை

"ஒளியின் வேகம் அதை உமிழும் மூலத்தின் வேகத்தைப் பொறுத்ததல்ல, 1913-ல் வானியலாளர் டி சிட்டர் ஒன்றையொன்று சுற்றும் இரட்டை விண்மீன்களை வைத்துக் காட்டிவிட்டார்." சார்பியல் வகுப்பில் பல வருடம் இதைத்தான் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒரு மாணவி கேட்டாள்: "சார், வழியில இருக்கிற வாயு அந்த ஒளியைச் சும்மா விட்டுடுமா?"

விடாது. வாயு போன்ற ஊடகத்தின் எலக்ட்ரான்கள் அதிர்ந்து வெளியிடும் அலை, வந்த அலையை அணைத்துவிடும். மிஞ்சுவது ஊடகத்துக்கே உரிய வேகத்தில் போகும் புது அலை. இதுதான் எக்ஸ்டிங்ஷன். அன்றிரவே கணக்குப் போட்டேன். காற்றில் பச்சை ஒளிக்கு இது நடக்கச் சுமார் 0.3 மில்லிமீட்டர் போதும்! விண்மீன்களுக்கு இடையிலுள்ள மெல்லிய வாயுவில்கூட ஓரிரு ஒளியாண்டுதான். அந்த இரட்டை விண்மீன்களோ அதைவிட வெகு தொலைவில். மூலத்தின் வேகம் ஒளியில் ஒட்டியிருந்தாலும் நம்மிடம் வருவதற்குள் கரைந்துபோயிருக்கும். இயற்பியலாளர் ஜே. ஜி. ஃபாக்ஸ் 1960-களிலேயே இதை எழுதிவிட்டார், நான்தான் படிக்கவில்லை.

குறிப்பேட்டில் டி சிட்டரை அடித்துவிடவில்லை, கீழிறக்கினேன். முதலிடம் இப்போது 1964 செர்ன் ஆய்வகச் சோதனைக்கு: கிட்டத்தட்ட ஒளிவேகத்தில் ஓடிய பையான்கள் என்னும் நுண்துகள்கள் உமிழ்ந்த காமா கதிர்களும் அதே ஒளிவேகத்தில்தான் வந்தன. அடுத்து, இயற்பியலாளர் பிரெச்சர் 1977-ல் இதே சோதனைக்கு எடுத்துக்கொண்ட எக்ஸ்-கதிர் துடிப்பு விண்மீன்கள். அவ்வளவு ஆற்றலுள்ள கதிரை வாயு லேசில் தொடாது.