186 பேர் பட்டியல் 211 வரி காட்டியது ஏன்?

வலங்கைமான் பக்கம் குறுவை நெல் போட்ட விவசாயிகள் பட்டியல். எக்செல்லில் கடைசிப் பெயரின் தொடர் எண் 186. அப்படியே நகலெடுத்து, உலாவியில் வரி எண்ணும் கருவியில் ஒட்டினால் 211. கருவி மேல் தப்பில்லை.

'வெற்று வரிகளை விடு' என்பதை டிக் செய்தேன். 210 ஆனது. கடைசி என்டர் ஒன்றுதான் போயிற்று. ஊருக்கு ஊர் இடைவெளி விட்ட 17 வரிசைகள் அப்படியே நின்றன. கண்ணுக்கு வெற்று, ஆனால் பல நெடுவரிசைகளை நகலெடுத்ததால் உள்ளே டேப் குறிகள் (நெடுவரிசைகளைப் பிரிக்கும், கண்ணுக்குத் தெரியாத குறிகள்). எக்செல்லிலேயே அந்த வரிசைகளை அழித்தேன்: 193.

மீதி 7 முகவரியில் இருந்தது. ஒரே கட்டத்துக்குள் ஆல்ட்-என்டர் அடித்திருந்தார்கள். ஒட்டும்போது இப்படி உடைகிறது:

"கீழத்தெரு,
வலங்கைமான்"

முகவரியின் தொடக்கத்தில் இரட்டை மேற்கோள் தெரிந்தால் இதுதான் நோய். எக்செல்லில் கன்ட்ரோல்-எச், தேடும் பெட்டியில் கன்ட்ரோல்-ஜே (பெட்டி காலியாகத்தான் தெரியும், பயப்பட வேண்டாம்), மாற்றும் பெட்டியில் ஒரு இடைவெளி, எல்லாவற்றையும் மாற்று. 186.

எண்ணிக்கை மட்டும் வேண்டுமென்றால் பெயர் நெடுவரிசை ஒன்றே போதும். ஆதார், வங்கிக் கணக்கு எண்களை உலாவிக் கருவிகளின் பெட்டிகளில் ஒட்டவே கூடாது. கருவியின் பக்கம் திறந்ததும் நெட்டை அணைத்துப் பாருங்கள். அப்போதும் எண்ணினால் கணக்கு உங்கள் கணினியிலேயே நடக்கிறது. நெட்டைப் போடும் முன் தாவலை மூடிவிடுங்கள்.