இசிஎம் மாற்றியபின் சாவி புரோகிராமிங்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) மாற்றிய கையோடு வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பழி முதலில் சாவி மேல்தான் விழும். உடனே ஸ்கேனரை (வண்டியின் கணினிகளோடு பேசும் கருவியை) மாட்டிச் சாவியைப் பதியத் தொடங்குவார்கள். சிக்கல் அங்கேதான் பெரிதாகிறது.

சாவிக்குள் இருக்கும் சிப்பை, இக்னிஷன் பூட்டைச் சுற்றியுள்ள ஆன்டெனா சுருள் படிக்கிறது. அது இந்த வண்டியின் சாவிதானா என்று சரிபார்ப்பது பல வண்டிகளில் இசிஎம் அல்ல. தனி இம்மொபைலைசர் (திருட்டைத் தடுக்கும் கருவி) அல்லது பாடி கண்ட்ரோல் மாடியூல் (கதவு, விளக்கு போன்றவற்றைக் கவனிக்கும் கணினி). அதனிடமிருந்து சரியான ரகசியக் குறியீடு வந்தால்தான் இசிஎம் இன்ஜினை ஓட விடும். இப்படிப்பட்ட வண்டியில் இசிஎம்மை மாற்றினால் சாவிக்கு எதுவும் ஆவதில்லை. புது இசிஎம்மை இம்மொபைலைசரோடு இணைத்தால் போதும். இசிஎம்முக்குள்ளேயே சாவிப் பதிவு இருக்கும் வண்டிகளில் (பழைய டொயோட்டா மாடல்கள் சில அப்படி) சாவிகளையும் பதிய வேண்டிவரும். எந்த வகை என்று பார்க்காமல் ஸ்கேனரில் 'எல்லாச் சாவிகளையும் அழி' என்று கொடுத்துவிட்டால், நன்றாக இருந்த சாவிகளும் போச்சு. ஃபோர்டின் பல மாடல்களில் அழித்தபின் குறைந்தது 2 சாவிகளைப் பதிந்தாக வேண்டும். அதனால் வீட்டில் இருக்கும் சாவி எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லிவிட்டே வேலையைத் தொடங்குங்கள்.

வேறு வண்டியில் கழற்றிய இசிஎம் வாங்கும்போது பார்ட் நம்பர் ஒத்துப்போனால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. அதில் அந்த வண்டியின் இம்மொபைலைசர் தகவல் அப்படியே இருக்கும். அதை அழித்துப் புதுசுபோல் ஆக்க வேண்டும், அல்லது உங்கள் பழைய இசிஎம்மின் தகவலை அதில் ஏற்ற வேண்டும். கெட்டுப்போன இசிஎம்மிலும் மெமரி சிப் பல நேரம் நன்றாகவே இருக்கும், தயவுசெய்து அதைத் தூக்கிப்போடாதீர்கள்.

சாவி பதியும்போது ஸ்கேனர் கேட்கும் பின் கோடை (ரகசிய எண்ணை) ஊகித்து அடிப்பது இன்னொரு தவறு. சில முறை தவறினால் மாடியூல் பூட்டிக்கொள்ளும், அப்புறம் காத்திருப்புதான்.

பேட்டரியையும் கவனியுங்கள். சில ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் புது இசிஎம்மை இம்மொபைலைசரோடு இணைக்க, இக்னிஷனை ஆன் செய்து 10 நிமிடம் விடுவதை 3 முறை செய்ய வேண்டும். அவசரப்பட்டு நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. புரோகிராமிங் நடக்கும்போது வோல்டேஜ் இறங்கினால் எழுதுவது பாதியில் நின்று இசிஎம்மே செத்துவிடலாம். சார்ஜரோ பவர் சப்ளையோ மாட்டிவிட்டுத் தொடங்குங்கள். விளக்கு, ஏசி எல்லாம் அணைந்திருக்கட்டும்.

முடிந்ததும் ஒவ்வொரு சாவியாகப் போட்டு இன்ஜினை ஓட்டிப் பாருங்கள், மற்றச் சாவிகள் பூட்டுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. ரிமோட்டில் கதவு திறப்பதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். ரிமோட் பதிவு வேறு, சிப் பதிவு வேறு. ஸ்டார்ட் ஆகி ஓரிரு நொடியில் அணைந்து, டாஷ்போர்டில் சாவி விளக்கும் மின்னினால் இணைப்பு இன்னும் முடியவில்லை.