யாழ்ப்பாணத்தில் கிறிஸ்தவ உளவளத்துணையைத் தொடங்குவது எப்படி: தனியாளுக்கும் குடும்பத்துக்கும்

ஆற்றுப்படுத்தல், உளவளத்துணை, சீர்மியம், கவுன்சிலிங். யாழ்ப்பாணத்தில் இந்த நாலு சொல்லும் ஏறக்குறைய ஒரே வேலையைத்தான் குறிக்கின்றன. பயிற்சி பெற்ற ஒருவர், மூடிய அறையில், குறித்த நேரத்துக்கு உங்களைக் கேட்டு, நீங்கள் வழி கண்டுகொள்ளத் துணை நிற்பார். கிறிஸ்தவ உளவளத்துணையாளருக்கும் அதே பயிற்சி இருக்கவேண்டும். அதற்கு மேலே செபம், பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை செய்வது), நேர்த்தி, மன்னிப்பு என்று நீங்கள் சொல்லும்போது அவருக்கு அகராதி தேவைப்படாது. பயிற்சி முதலில், விசுவாசம் அடுத்தது என்ற வரிசையில் ஆளைத் தேடுங்கள். விசுவாசம் மட்டும் உள்ளவரிடம் செபத்துக்குப் போகலாம், சிகிச்சைக்குப் போகவேண்டாம்.

படி 1: முதலில் டொக்டரா, ஆற்றுப்படுத்துனரா?

சில நிலைமைகளில் கதைத்துப் பார்ப்பது இரண்டாவது வேலை. தற்கொலை எண்ணம், ஆளில்லாத இடத்தில் குரல் கேட்பது, நாட்கணக்காக நித்திரையே இல்லாமல் ஓயாமல் பேசுவது, பிள்ளை பெற்ற தாய் சில நாட்களிலேயே ஆள் மாறினமாதிரி நடப்பது: இவற்றுக்கு அன்றைக்கே வைத்தியசாலை. யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. தேசிய மனநல உதவி இலக்கம் 1926. அம்புலன்ஸ் 1990.

குடியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். வருடக்கணக்காக நாள் தவறாமல் குடித்தவர் தியானத்துக்குப் போய், இனிக் குடிக்கமாட்டேன் என்று கடவுளிடம் பொருத்தனை வைத்து, ஒரே நாளில் விட்டுவிடுகிறார். வீட்டில் எல்லாருக்கும் சந்தோசம். அடுத்த நாள் கை நடுங்கும், வியர்க்கும். முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம், 2 முதல் 4 நாட்களுக்குள் ஆள் குழம்பிப் பிதற்றலாம். பழகிய உடம்பு மதுவைத் திடீரென்று இழப்பதால் வருவது இது, உயிராபத்தும் உண்டு. இதைப் பிசாசின் வேலை என்று நினைத்து வீட்டில் வைத்துச் செபிக்கிறவர்கள் பொன்னான மணித்தியாலங்களை இழக்கிறார்கள். பொருத்தனை நல்லது. டொக்டரிடம் காட்டி, மருந்தோடு விடுவதுதான் அந்தப் பொருத்தனையைக் காப்பாற்றும்.

எப்போதும் களைப்பு, மனச்சோர்வு, எடை மாற்றம் என்றால் தைரொயிட்டுக்கும் இரத்தச்சோகைக்கும் ஒரு இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இரண்டும் மனச்சோர்வு போலவே தோன்றக்கூடியவை.

மருந்துக்கும் விசுவாசத்துக்கும் சண்டை என்ற எண்ணம் இந்த மண்ணுக்குப் பொருந்தாது. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலிருந்து மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தவர்.

படி 2: ஆளைத் தேடுதல்

உங்கள் பங்குத்தந்தையிடமோ போதகரிடமோ கேட்பது இலகுவான வழி. ஆனால் கேள்வியை இப்படிக் கேளுங்கள்: “பாதர், ஆற்றுப்படுத்தல் படிச்ச ஆரையும் தெரியுமோ?” “பாதர், என்னோட கதைப்பீங்களோ?” என்று கேட்டால் அவர் மறுக்கமாட்டார். பிறகு திங்கள் அவரிடம் கணவனைப் பற்றிச் சொல்லி அழுதவர், ஞாயிறு கணவனோடு போய் அவர் கையில் நற்கருணை வாங்கவேண்டிவரும். பாடகர் குழு, மரியாயின் சேனை, ஞாயிறு பாடசாலை எல்லாம் ஒரே ஆட்கள் நிற்கிற ஊர் இது. பக்கத்துப் பங்கைச் சேர்ந்தவரோ வேறு சபையைச் சேர்ந்தவரோ உத்தமம். கத்தோலிக்கர் மெதடிஸ்தரிடம் போகலாம், தென்னிந்தியத் திருச்சபையார் கத்தோலிக்கச் சகோதரியிடம் போகலாம். ஒரு தடையும் இல்லை.

பிரதேச செயலகங்களில் அரச உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், அந்தச் சேவைக்குக் கட்டணம் இல்லை. அவர்கள் கிறிஸ்தவர்களாக இருக்கவேண்டியதில்லை. ஆனால் நல்ல பயிற்சியுள்ள இந்து ஆற்றுப்படுத்துனர் உங்கள் விசுவாசத்தை மதித்து வேலைசெய்வார். அருகில் பொருத்தமான கிறிஸ்தவர் கிடைக்கும்வரை காத்திருந்து நோயை முற்றவிடவேண்டாம்.

பெயர் கிடைத்ததும் போனிலேயே ஐந்தைக் கேட்டுவிடுங்கள். எங்கே, எவ்வளவு காலம் படித்தீர்கள்? உங்கள் வேலையை மேற்பார்வை செய்கிறவர் இருக்கிறாரா? என்னுடைய மாதிரிப் பிரச்சினைகளைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு சந்திப்பு எவ்வளவு நேரம், கட்டணம் என்ன? தேவைப்பட்டால் எந்த டொக்டரிடம் அனுப்புவீர்கள்? இவற்றில் இரண்டாவதுதான் முக்கியம். மேற்பார்வை இல்லாமல் தனியே வேலைசெய்கிறவர் தன் பிழையைத் தானே காணமாட்டார். கேள்விக்குக் கோபப்படுகிறவரை அத்தோடு விட்டுவிடுங்கள். மருந்தை நிப்பாட்டச் சொல்கிறவரையும், கட்டாயம் குணமாகும் என்று வாக்குக் கொடுக்கிறவரையும் அப்படியே.

படி 3: போன் எடுப்பது

இங்கேதான் அரைவாசிப்பேர் நின்றுவிடுகிறார்கள். கதை முழுவதையும் போனில் சொல்லவேண்டும் என்று பயப்படுகிறார்கள். மூன்று வசனம் போதும்:

“வணக்கம். ஆற்றுப்படுத்தலுக்கு ஒரு நேரம் எடுக்கவேணும். ரெண்டு மாசமா நித்திரை வாறேல்லை, வீட்டிலயும் ஒரே சண்டை. முதல் தரம் நான் தனிய வரலாமோ?”

போன் எடுக்கிறவர் வரவேற்பாளராக இருந்தால் காரணத்தைச் சொல்லவே தேவையில்லை. “எந்த இலக்கத்துக்குத் திருப்பி எடுக்கலாம், எப்ப எடுக்கக்கூடாது” என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள். பொதுப் போனுக்கு அழைப்பு வந்து மாமியார் எடுத்தால் இரகசியம் அன்றைக்கே முடிந்தது.

படி 4: ஒரு பக்கம் எழுதுங்கள்

அப்பியாசக் கொப்பியில் ஒரு பக்கம், அதற்கு மேல் வேண்டாம். என்ன பிரச்சினை, எப்போது தொடங்கியது, எப்போது கூடுகிறது. நித்திரை எத்தனை மணித்தியாலம். குடிக்கிற மருந்துகளின் பெயர் (கிளினிக் கொப்பி இருந்தால் கொண்டுபோங்கள்). முன்பு வேறு யாரிடம் போனீர்கள், சாத்திரி, பரிகாரி, குணமாக்கல் கூட்டம் உட்பட. மறைக்கவேண்டாம், நல்ல ஆற்றுப்படுத்துனர் அதற்கெல்லாம் முகம் சுளிக்கமாட்டார். கடைசியாக, இது சரிவந்தால் வாழ்க்கையில் எது மாறியிருக்கும் என்று ஒரு வரி. “சந்தோசமாக இருக்கவேணும்” என்பதை வைத்து வேலைசெய்ய ஏலாது. “பிள்ளைகளுக்கு அடிக்காமல் ஒரு கிழமை”, “தனியாகப் பஸ்ஸில் ரவுணுக்குப் போய்வருவது” என்று எழுதினால் ஆறு கிழமையில் அளந்து பார்க்கலாம்.

படி 5: முதல் சந்திப்பு

45 முதல் 60 நிமிடம். ஒரு படிவம், ஒரு சம்மதக் கையெழுத்து, பிறகு இரகசியத்தைப் பற்றிய விளக்கம். அந்த விளக்கம் வராவிட்டால் நீங்களே கேளுங்கள். நீங்கள் சொல்வது வெளியே போகாது. ஆனால் உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால், ஒரு பிள்ளை துன்புறுத்தப்படுகிறது என்றால், நீதிமன்றம் கட்டளையிட்டால், அவர் பேசவேண்டிவரும்.

கத்தோலிக்கர் பலருக்கு இங்கே ஒரு குழப்பம். பாவசங்கீர்த்தனத்தின் முத்திரை, அதாவது கேட்டதைக் குரு வெளியே சொல்லாத கடப்பாடு, எந்தக் காரணத்துக்காகவும் உடைக்கப்படாது. ஆற்றுப்படுத்துனர் குருவாகவே இருந்தாலும், உளவளத்துணை அறையில் நீங்கள் சொல்வது பாவசங்கீர்த்தனம் ஆகாது, மேற்சொன்ன விதிவிலக்குகள் அதற்கு உண்டு. ஒரே நாளில் ஒரே கதிரையில் இரண்டையும் கலக்காத குருவே நல்ல ஆற்றுப்படுத்துனர்.

சந்தையில் கண்டால் என்ன செய்வது என்பதையும் அன்றைக்கே பேசிவிடுங்கள். “நீங்கள் முதலில் சிரித்தால் நான் சிரிப்பேன், இல்லாவிட்டால் தெரியாதமாதிரிப் போவேன்” என்பதே வழமையான ஒப்பந்தம். கேட்க விசித்திரமாக இருக்கும், சனிக்கிழமை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் எதிரே வரும்போது அதன் அருமை தெரியும்.

முதல் நாள் முடிய மனம் பாரமாக இருந்தால் பயப்படவேண்டாம். பூட்டிவைத்ததைத் திறந்தால் அப்படித்தான் இருக்கும். அன்று பின்னேரம் பெரிய வேலை ஒன்றும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

படி 6: செபமும் வேதமும் எவ்வளவு?

அதைத் தீர்மானிப்பது நீங்கள். தொடக்கத்தில் செபிக்கவேண்டுமா, முடிவிலா, வேண்டவே வேண்டாமா என்று அவர் கேட்கவேண்டும். கடவுளோடு கோபத்தில் வருகிறவர்களும் உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் முதல் நாளே “எல்லாம் தேவ சித்தம்” என்று சொன்னால் அவர் வாய் அடைத்துப்போகும், அடுத்த கிழமை வரமாட்டார். அந்த இடத்துக்குரிய வேதம் வேறு. சங்கீதம் 13 “எதுவரைக்கும்” என்ற கேள்வியோடு தொடங்குகிறது. சங்கீதம் 88 இருளிலேயே முடிகிறது, ஆறுதல் வரி ஒன்றும் ஒட்டப்படவில்லை. (கத்தோலிக்க வேதாகமத்தில் திருப்பாடல்கள், எண்கள் அவையே.) எலியா சாகவேண்டும் என்று கேட்டுப் படுத்தபோது தூதன் பிரசங்கம் வைக்கவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான், திரும்பப் படுக்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். முதல் இராஜாக்கள் 19ஆம் அதிகாரம். நித்திரையும் சாப்பாடும் சீராகாமல் வேறெதுவும் சீராகாது என்பதை ஆற்றுப்படுத்துனர்கள் தினமும் காண்கிறார்கள்.

ஒரு நோயை மட்டும் கிட்டவாகக் காட்டவேண்டும். செய்த பாவத்தைச் சரியாகச் சொன்னேனா என்ற சந்தேகத்தில் ஒருவர் கிழமைக்கு நாலுதரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறார். செபத்தில் ஒரு சொல் பிழைத்தால் முதலிலிருந்து தொடங்குகிறார். பூசையில் தூசணம் மனதில் வருகிறது என்று நடுங்குகிறார். இது பக்தி மிஞ்சியதால் வருவதில்லை. எண்ணச் சுழற்சி நோயின் (OCD) சமய முகம் இது. “ஒன்றுமில்லை, பயப்படாதே” என்று மற்றவர் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும், ஒவ்வொரு மேலதிக பாவசங்கீர்த்தனமும் அரைமணிக்கு ஆறுதல் தந்துவிட்டு சந்தேகத்தை வளர்க்கும். சிகிச்சை நேர்மாறானது: சந்தேகத்தைத் தாங்கிக்கொண்டு, திரும்பச் செய்யாமல் இருக்கப் பழகுவது. ஒரே குருவிடம், மாதத்துக்கு ஒருமுறை என்று குருவும் ஆற்றுப்படுத்துனரும் நீங்களும் பேசி முடிவெடுத்தால் வேலை பாதி இலகு. மருந்தும் உதவும்.

படி 7: குடும்பமாகப் போவது

குடும்பச் சந்திப்புக்கு 75 முதல் 90 நிமிடம் கேளுங்கள். எல்லாரையும் இழுத்துப்போகத் தேவையில்லை, வரச் சம்மதிக்கிறவர்களோடு தொடங்கலாம். முதல் விதி: ஆற்றுப்படுத்துனர் கணவனின் இரகசியத்தை மனைவிக்கு மறைத்து வைத்திருப்பவராக ஆகக்கூடாது. தனித்தனியே சொல்வதை என்ன செய்வார் என்று ஆரம்பத்திலேயே சொல்லச் சொல்லுங்கள். பதின்ம வயதுப் பிள்ளைக்கு மட்டும் தனி நேரம் வேண்டும், அறைக் கதவுக்கு வெளியே அம்மா நிற்காமல்.

வழமையாக முதலில் செய்வது குடும்ப வரைபடம். பெரிய தாள், பென்சில், மூன்று தலைமுறை. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்குப் பெருக்கல் குறி, சண்டைக்கு நெளிகோடு. யாழ்ப்பாணத்து வரைபடத்தில் ரொறன்ரோ, லண்டன், சூரிச் என்று இடப்பெயரும், போரால் ஊரே வெளியேறிய 1995 இடப்பெயர்வும் வந்தே தீரும். காணாமல் ஆக்கப்பட்டவருக்குப் பெருக்கல் குறி போடவேண்டாம், கேள்விக்குறி போடுங்கள். ஒரே வீட்டில் அம்மாவுக்கு மகன் உயிரோடு இருக்கிறான், தங்கைக்கு அவன் 2009இலேயே போய்விட்டான். ஒருவரை மற்றவரின் பக்கம் இழுக்க முயன்றால் குடும்பம் உடையும். முடிவு தெரியாத இழப்பில் இரண்டு எண்ணமும் ஒரே மேசையில் இருக்கலாம் என்பதைத்தான் அங்கே பழகவேண்டும். நவம்பர் 2 கல்லறைத் திருநாள், நத்தார், பிறந்தநாள் வரும் கிழமைகளில் சந்திப்பைத் தவறவிடாதீர்கள்.

வெளிநாட்டுப் பிள்ளையை வாட்ஸ்அப்பில் சேர்க்கலாம். ரொறன்ரோ கோடையில் ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. எங்கள் பின்னேரம் ஏழு மணி அங்கே காலை ஒன்பதரையோ எட்டரையோ. எல்லாருக்கும் இயர்போன் கட்டாயம்.

வீட்டில் அடி உதை இருந்தால் கணவன் மனைவியை ஒன்றாக வைத்துப் பேசவேண்டாம். அறையில் அவள் சொன்ன உண்மைக்கு வீட்டில் அடி விழும். முதலில் தனியாக, பாதுகாப்புத் திட்டத்தோடு. “மன்னிச்சுப் போ மகள், சிலுவையைச் சுமக்கத்தான் வேணும்” என்று திருப்பி அனுப்புகிறவர் ஆற்றுப்படுத்துனர் இல்லை. மன்னிப்பு வேறு, அந்த வீட்டுக்குத் திரும்புவது வேறு. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவர்களுக்கு 1929.

படி 8: இடையில் செய்யவேண்டியது, நாலாவது சந்திப்பில் கேட்கவேண்டியது

கிழமைக்கு ஒரு மணித்தியாலம் தனியே ஒன்றையும் மாற்றாது. வீட்டு வேலை தருவார். அடிக்கடி தருவது நாலு நிரல் அட்டவணை: என்ன நடந்தது, என்ன நினைத்தேன், எவ்வளவு நொந்தது, வேறு எப்படி இருக்கலாம். உதாரணம்: மகன் இரவு போன் எடுக்கவில்லை / என்னை மறந்திட்டான் / 100க்கு 80 / அங்கே அது வேலை நேரம், போன கிழமை எடுத்தவன். எழுதியபின் திரும்ப அளந்தால் 80 என்பது 50 ஆகியிருக்கும். பூச்சியமாகவேண்டும் என்று எதிர்பார்க்கவேண்டாம். கிழமைக்கு மூன்று பதிவு போதும். அன்றன்றே எழுதுங்கள், சந்திப்புக்கு முந்தின இரவு ஒன்றாக எழுதினால் பயன் குறைவு.

டொக்டர் மனச்சோர்வு மருந்து தந்திருந்தால் பலன் தெரிய 2 முதல் 6 கிழமை பிடிக்கும். முதல் கிழமை வயிற்றுப் பிரட்டலோடு நிப்பாட்டுகிறவர்கள் பலர். டொக்டருக்குச் சொல்லாமல் நிப்பாட்டவேண்டாம்.

நாலாவது சந்திப்பில், முதல் சந்திப்புக்கு முன் எழுதிய அந்தப் பக்கத்தை எடுத்து இருவரும் ஒன்றாக வாசியுங்கள். ஒன்றுமே அசையவில்லை என்றால் நேராகச் சொல்லுங்கள்: “மிஸ், எனக்கு இது சரிவருகுதில்லை.” அணுகுமுறையை மாற்றலாம், வேறொருவரிடம் அனுப்பலாம். போன் எடுக்காமல் மறைந்துபோவதைவிட அது நல்லது, ஏனென்றால் இன்னொரு நாள் அதே கதவைத் தட்ட வெட்கமாக இருக்காது. முடிக்கும் நேரம் வந்தால் ஒரே நாளில் விடாமல், கிழமைக்கு ஒன்றை இரண்டு கிழமைக்கு ஒன்றாக்கி, பிறகு மாதத்துக்கு ஒன்றாக்கி விடுங்கள். கடைசிச் சந்திப்பில், நோய் திரும்பினால் உங்களுக்கு முதலில் தெரியும் மூன்று அறிகுறிகளையும், அப்போது யாருக்குப் போன் எடுப்பீர்கள் என்பதையும் ஒரு சிறு துண்டில் எழுதி, தினமும் திறக்கிற வேதாகமத்துக்குள் வையுங்கள். அந்தத் துண்டைப் பற்றி வீட்டில் ஒருவருக்காவது சொல்லிவையுங்கள்.