கோவையில் குடும்பத்தோடு குடியேற ஏரியா பார்ப்பது எப்படி?

கோவையில் வீடு தேடும் வேலை பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில்தான் நடக்கிறது. பள்ளிக்கு விடுமுறை, ஜூனில் புது வகுப்பு, அதற்குள் குடிபோக வேண்டும் என்ற அவசரம். அந்த இரண்டு மாதத்தில் ஒரு ஏரியாவின் தண்ணீர்ப் பஞ்சம் நன்றாகத் தெரியும். ஆனால் மழைநீர் எங்கே தேங்கும், குப்பைக்கிடங்கின் நாற்றம் எந்தப் பக்கம் வரும், பள்ளி நேரத்தில் சாலை எப்படி இருக்கும் என்பதெல்லாம் தெரியாது. ஆகவே கண்ணுக்குத் தெரியாததைத் தேடிக் கேட்பதுதான் இதில் பாதி வேலை.

மாநகராட்சி எல்லைக்குள் வந்துவிட்டது என்பதை மட்டும் நம்பாதீர்கள். 2011-ல் வடவள்ளி, துடியலூர், சரவணம்பட்டி, காளப்பட்டி, குனியமுத்தூர், குறிச்சி எல்லாம் சேர்க்கப்பட்டு வார்டுகள் 100 ஆயின. சேர்ந்த எல்லா இடத்திலும் பாதாளச் சாக்கடையும் அன்றாடக் குடிநீரும் கூடவே வந்துவிடவில்லை. ஒரே வார்டில் அடுத்தடுத்த இரண்டு தெருக்களுக்குள்கூட வித்தியாசம் உண்டு.

முதலில் பள்ளி, பிறகு வீடு

கோவையின் பெரிய சாலைகள் நடுநகரிலிருந்து எட்டுத் திக்கும் பிரிந்து போகின்றன: அவிநாசி சாலை, திருச்சி சாலை, சத்தி சாலை, மேட்டுப்பாளையம் சாலை, மருதமலை சாலை, பாலக்காடு சாலை, பொள்ளாச்சி சாலை. ஒரு சாலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டுவதுதான் சிரமம். காந்திபுரமோ உக்கடமோ குறுக்கே வந்துவிடும். வீடு, பள்ளி, வேலை மூன்றும் ஒரே சாலையிலோ பக்கத்துச் சாலையிலோ அமையுமாறு பாருங்கள். சத்தி சாலைப் பக்கம் கீரணத்தத்தில் வேலை, மருதமலை சாலைப் பக்கம் வடவள்ளியில் பள்ளி என்று அமைந்தால் எவ்வளவு நல்ல வீடாக இருந்தாலும் குடும்பம் முழுவதும் காலையில் ரோட்டில்தான் நிற்கும். உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரையிலான 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் நேராகக் கடந்து போகிறவர்களுக்கு உதவும். பீளமேட்டில் குழந்தையை இறக்கிவிட வேண்டியவர் கீழ்ச்சாலைக்குத்தான் வர வேண்டும்.

எல்கேஜி முதல் இரண்டாம் வகுப்பு வரை உள்ள குழந்தைக்குப் பள்ளி 3 கிலோமீட்டருக்குள் இருப்பது நல்லது. முன்பணம் கொடுக்கும் முன் ஒரு வேலைநாள் காலை 7.45-க்கு அந்த வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசல் வரை வண்டியில் போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்ப்பதால் பயனில்லை. பள்ளி வேன் தெருவுக்குள் வருமா, அல்லது மெயின் ரோட்டில்தான் ஏற்றுமா? மெயின் ரோடு என்றால் குழந்தை எந்தப் பக்கம் நிற்க வேண்டும், மாலையில் சாலையைக் கடக்க வேண்டுமா என்று கேளுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஒதுக்கும் 25 சதவீத இலவச இடத்துக்கு விண்ணப்பிக்க எண்ணியிருந்தால், தமிழ்நாட்டில் வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரம் 1 கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கே முன்னுரிமை. அப்போது எந்தத் தெருவில் குடியிருக்கிறீர்கள் என்பதே சீட்டைத் தீர்மானிக்கலாம். முகவரிச் சான்றும் அந்த வீட்டு முகவரியிலேயே இருக்க வேண்டும்.

தண்ணீர்

இதில் அவசரப்படவே கூடாது. கோவையின் மேற்கிலும் தெற்கிலும் பெரும்பாலும் சிறுவாணித் தண்ணீர், வடக்கிலும் கிழக்கிலும் பெரும்பாலும் பில்லூர்த் தண்ணீர். சிறுவாணி அணை கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. கோடையில் அணை மட்டம் இறங்கினால் குழாயில் தண்ணீர் வரும் இடைவெளி கூடும். “சிறுவாணி ஏரியாங்க” என்று வீட்டுக்காரர் சொல்வதோடு நிற்காமல், தெருமுனைக் கடையில் கேளுங்கள்: “ஏனுங்கக்கா, நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வருதுங்க? எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் வருது? சித்திரையில எப்படிங்க?” நள்ளிரவில் வந்து ஒரு மணி நேரத்தில் நின்றுவிடும் தண்ணீர், இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டுக்குப் பெரிய பாரம். வாசல்களில் வரிசையாக நீல டிரம்கள் நின்றால் கேட்காமலே பதில் தெரிந்துவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகரக் குடிநீர்த் திட்டங்களில் எடுக்கும் அளவு. நான்கு பேருக்கு 540 லிட்டர். பத்து நாளைக்கு ஒருமுறை குழாய்த் தண்ணீர், போர் (ஆழ்துளைக் கிணறு) இல்லை என்றால் 5,400 லிட்டர் சேமிக்க வேண்டும். உள்ளளவு 6 அடி நீளம், 6 அடி அகலம், 6 அடி ஆழம் உள்ள தொட்டி சுமார் 6,100 லிட்டர் பிடிக்கும். 5,400 லிட்டருக்குக் குறைந்த தொட்டி உள்ள வீட்டில் பத்தாம் நாள் லாரிதான். போர் இருந்தால் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் நாளுக்கு 30 லிட்டர் நல்ல தண்ணீர் போதும். 300 லிட்டர் டிரம்மில் சமாளிக்கலாம்.

அபார்ட்மெண்டில் கணக்கே வேறு. 20 வீடுகள், வீட்டுக்கு 540 லிட்டர் என்றால் நாளுக்கு 10,800 லிட்டர். போர் வற்றினால் ஏறக்குறைய தினமும் ஒரு 12,000 லிட்டர் லாரி. சங்கத்தில் கடந்த ஏப்ரல், மே மாத லாரி பில்லைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தர மறுத்தால் அந்தக் கட்டடத்தை விட்டுவிடலாம்.

போர் தண்ணீரில் கரைந்துள்ள உப்பை டிடிஎஸ் மீட்டர் என்ற சின்னக் கருவியால் நீங்களே அளக்கலாம். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. ஆயிரத்தைத் தாண்டினால் கீசர் காயில் அடிக்கடி போகும், குழாய் வாயில் வெள்ளை படியும், ஆர்ஓ கருவி வெளியே தள்ளும் தண்ணீரும் கூடும். ஆனால் இந்த மீட்டர் கிருமியைக் காட்டாது. பாதாளச் சாக்கடை இல்லாத தெருவில் போருக்கும் எந்த வீட்டு செப்டிக் டேங்குக்கும் இடையே 50 அடியாவது இருக்க வேண்டும். அடுத்த வீட்டு டேங்க் உங்கள் போரை ஒட்டியிருப்பதுதான் வழக்கமாகத் தவறிப்போகும் விஷயம். சந்தேகமிருந்தால் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துவிடுங்கள்.

ஐப்பசி மழையும் ஆடிக் காற்றும்

கோவைக்கு அடைமழை அக்டோபர், நவம்பரில். கோடையில் போகிறவர் சுவரைப் படிக்க வேண்டும்: காம்பவுண்டில் ஒரே மட்டத்தில் ஓடும் கறை, புதிதாக உயர்த்திய வாசற்படி, கேட்டுக்கு முன் கட்டிய சின்னத் தடுப்பு. ரோடு போடப் போட உயர்ந்து, பழைய வீடுகள் தாழ்ந்துவிடுகின்றன. வீட்டுத் தளம் ரோட்டைவிட 2 அடியாவது மேலே இருக்கட்டும். சங்கனூர்ப் பள்ளம் என்ற ஓடையின் ஓரம், குளங்களின் கலிங்குக்கு (உபரி நீர் வெளியேறும் வழி) கீழே உள்ள தாழ்ந்த மனைகள் ஆகியவற்றில் விலை குறைவதற்குக் காரணம் இருக்கிறது. லங்கா கார்னர், கிக்கானி பள்ளி, சிவானந்தா காலனி சுரங்கப்பாதைகள் பெருமழையில் நிறைந்துவிடும். பள்ளிக்குப் போக அவற்றில் ஒன்றுதான் வழி என்றால் மாற்றுப் பாதையையும் ஓட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும். வடகிழக்குப் பருவத்தில் திசை மாறும். அதனால் வெள்ளலூர் குப்பைக்கிடங்கைச் சுற்றியுள்ள ஏரியாக்களில் ஒரு பருவத்தில் நாற்றமில்லாத தெரு மறு பருவத்தில் நாறும். இரண்டு பருவமும் அங்கே இருந்தவரிடம் கேளுங்கள். கணபதி, ஆவாரம்பாளையம் போன்ற இடங்களில் வீடுகளுக்கு நடுவே பட்டறைகள் உண்டு. இரவு 9 மணிக்குத் தெருவில் நின்று சத்தத்தைக் கேளுங்கள்.

மலையடிவாரம் அழகுதான், குளிர்ச்சிதான். ஆனால் தடாகம், மருதமலை அடிவாரம், தொண்டாமுத்தூர் பக்கம் இரவில் யானை நடமாட்டம் உண்டு. டியூஷன் முடிந்து ஏழு மணிக்குச் சைக்கிளில் வரும் பிள்ளைக்கு அது ஏற்ற இடமில்லை என்பதே எங்கள் முடிவு. ‘ஹாகா’ எனப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாட்டில் உள்ள கிராமமா என்பதையும் விசாரியுங்கள். அங்கே வீடு கட்டக் கூடுதல் அனுமதி வேண்டும்.

பிள்ளைகள் விளையாடும் இடம் யாருடையது?

புரோக்கர் காட்டும் காலி இடத்தைப் பூங்கா என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கீகரிக்கப்பட்ட லேஅவுட் வரைபடத்தை வாங்கி, பூங்காவும் ரிசர்வ் சைட்டும் (பொதுப் பயனுக்கு ஒதுக்கிய இடம்) எங்கே குறித்திருக்கின்றன என்று பாருங்கள். பெரிய லேஅவுட்டில் சாலை போக 10 சதவீதம் பொது இடம் விட வேண்டும். பிறகு அந்த இடம் மாநகராட்சிக்கோ ஊராட்சிக்கோ தானப்பத்திரம் எழுதிக் கொடுக்கப்பட்டதா என்று நகரமைப்புப் பிரிவில் கேளுங்கள். எழுதிக் கொடுக்காத இடம் பின்னாளில் மனையாகிவிடுவதும், வழக்கில் சிக்குவதும் இங்கே நடக்கிறது. எஃப்எம்பி எனப்படும் நில அளவை வரைபடத்தில் ஓடையோ வாய்க்காலோ மனையின் ஊடே போகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

மருத்துவமனை, மளிகை, இணையம் பற்றி அதிகம் கவலை வேண்டாம். கோவையின் பெரும்பாலான ஏரியாக்களில் அவை பக்கத்திலேயே கிடைக்கும். இரவு 8 மணிக்குப் பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு வரை மட்டும் ஒருமுறை நடந்து வாருங்கள்: தெருவிளக்கு, நாய்க்கூட்டம், டாஸ்மாக் கடை மூன்றும் தெரிந்துவிடும்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றாலும் அதே தெருவில் 11 மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, தண்ணீர் லாரிச் செலவு யாருடையது, செப்டிக் டேங்க் எடுக்கும் செலவு யாருடையது என்ற இரண்டையும் தனி வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். காலி செய்யும்போது சண்டை வருவது பெரும்பாலும் இவற்றில்தான்.