பழைய ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் வாங்குவது எப்படி: முதல் பார்வையிலிருந்து ஆர்.சி. மாற்றம் வரை

ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்புக்கு நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணம், விசையை முன்பக்கமும் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ், அதை இடது வலது சக்கரங்களுக்குப் பங்கிடும் முன் டிஃபரன்ஷியல், அந்தச் சக்கரங்களைச் சுழற்றும் முன் ஆக்சில் ஆகிய மூன்றுக்கும்தான். வாங்குபவர்களில் பலர் பெயின்ட், சீட், டயர் எல்லாவற்றையும் தடவிப் பார்த்துவிட்டு, இந்த மூன்றையும் ஒருமுறைகூட இயக்கிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். ஆகவே இந்த விளக்கத்தில் அதிக இடம் அவற்றுக்கே.

தமிழ்நாட்டுச் சந்தையில் அதிகம் கண்ணில் படுவது 2016-ல் விற்பனைக்கு வந்த இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ். மஹிந்திரா ஸ்கார்பியோ கெட்அவே, டாடா ஸினான், பொலிரோ கேம்பர் ஆகியவற்றிலும் ஃபோர் வீல் வகைகள் உண்டு. இந்தப் பெயர்களில் டூ வீல் டிரைவ் வண்டிகளும் ஓடுகின்றன. பின்கதவில் ஒட்டிய ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். கீழே குனிந்து, டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன்பக்கம் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 1: போவதற்கு முன் காகிதத்தில் பாருங்கள்

பதிவு எண்ணை வாங்கி பரிவாகன் தளத்திலோ எம்-பரிவாகன் செயலியிலோ போடுங்கள். எத்தனையாவது உரிமையாளர், கடன் பாக்கி உள்ளதா, இன்சூரன்ஸ் எதுவரை, வாகன வகை என்ன ஆகியவை தெரியும். அபராதம் நிலுவையில் உள்ளதா என்பதை இ-சலான் தளத்தில் தனியாகப் பாருங்கள்.

வாகன வகையைக் கவனமாகப் படியுங்கள். வி-கிராஸ் சொந்த உபயோக வண்டியாக வெள்ளைப் பலகையில் பதிவாகும். கேம்பர் போன்றவை பெரும்பாலும் சரக்கு வாகனமாக மஞ்சள் பலகையில் இருக்கும். மஞ்சள் பலகை என்றால் எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. எனும் தகுதிச் சான்று எடுக்க வேண்டும். விலை குறைவாக இருக்கிறதே என்று வாங்கியபின் இது தெரிந்தால் ஒவ்வொரு வருடமும் செலவு.

டெல்லியிலும் அதைச் சுற்றியுள்ள தலைநகரப் பகுதியிலும் 10 வயது கடந்த டீசல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருப்பதால், அங்கிருந்து மலிவாகத் தெற்கே வரும் வண்டிகள் உண்டு. வண்டி நன்றாகவே இருக்கலாம். ஆனால் படிவம் 28-ல் என்.ஓ.சி. எனும் தடையில்லாச் சான்று வேண்டும், இங்கே மறுபதிவு செய்து வாழ்நாள் வரி கட்ட வேண்டும். அந்தத் தொகையையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

படி 2: இன்ஜின் ஆறியிருக்கும்போது போங்கள்

நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் புகை லேசாக வந்து நின்றுவிட்டால் பரவாயில்லை. நிற்காத நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போதெல்லாம் அடர்ந்த கறுப்பு வந்தால் இன்ஜெக்டர், புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி விடும் ஈ.ஜி.ஆர். வால்வு, டர்போ ஹோஸ் ஆகியவற்றில் ஒன்றில் கோளாறு இருக்கலாம். இன்ஜின் சூடானபின்னும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால், கூலன்ட் உள்ளே கசிகிறதா என்று பார்க்க வேண்டும். ஐடிலில் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றுங்கள். மெல்லிய ஆவி சகஜம், குப்குப்பென்று புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது.

கிளட்ச் சோதனை எளிது. ஹேண்ட் பிரேக் போட்டு, மூன்றாம் கியரில் கிளட்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் உடனே அணைய வேண்டும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. சேற்றில் அரை கிளட்சில் ஓட்டப்பட்ட வண்டிகளில் இது அடிக்கடி வரும்.

பிஎஸ்6 எனும் புதிய மாசு விதிப்படி வந்த வண்டி என்றால் டி.பி.எஃப். எனும் கரித் துகள் வடிகட்டி இருக்கும். ஊருக்குள் சின்னச் சின்ன தூரமே ஓடிய வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். ஸ்கேனர் போட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அதைக் கழற்றி எறிந்துவிட்டு மென்பொருளை மாற்றிய வண்டியைத் தொடாதீர்கள்.

படி 3: ஃபோர் வீலை மண்ணில் சோதியுங்கள்

விற்பவர் கூச்சப்பட்டாலும் இந்தப் படியை விடாதீர்கள். மண் தரை, புல்வெளி அல்லது சரளைப் பாதை தேவை. காய்ந்த தாரில் வேண்டாம். இவ்வகை வண்டிகள் பெரும்பாலானவற்றில் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும், ஆனால் 4ஹெச் எனும் நான்கு சக்கர இயக்க நிலையில் முன், பின் ஷாஃப்ட் இரண்டும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டிருக்கும். மண்ணில் சக்கரம் சறுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டும். தாரில் அது முடியாததால் முறுக்கு முழுவதும் கியரிலும், ஷாஃப்டை இணைக்கும் கிராஸ் எனும் மூட்டிலும் ஏறும்.

நேராக, மெதுவாக ஓட்டிக்கொண்டே 2ஹெச் எனும் பின்சக்கர இயக்க நிலையிலிருந்து 4ஹெச்-க்கு மாற்றுங்கள். டாஷ்போர்டில் ஃபோர் வீல் விளக்கு சில நொடி மினுக்கி, பிறகு நிலையாக எரிய வேண்டும். மினுக்கிக்கொண்டே இருந்தால் முன் இணைப்பைப் பூட்டும் ஆக்சுவேட்டர், வயரிங், சென்சார் ஆகியவற்றில் ஏதோ பழுது. பிறகு ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக நகருங்கள். யாரோ பின்னாலிருந்து இழுப்பதுபோல் வண்டி இறுகினால் முன்சக்கரத்துக்கு விசை போகிறது. விளக்கு எரிந்தும் இறுக்கமே தெரியாவிட்டால் சந்தேகம்தான்.

சந்தேகத்தைத் தீர்க்க வழி இருக்கிறது. சமதளத்தில் பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். வண்டியை 2ஹெச்-ல் கியரில் நிறுத்தி, ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். கையால் சுற்றினால் அது சுற்ற வேண்டும். இறக்கி, சற்று ஓட்டி 4ஹெச் விழுந்ததை உறுதி செய்துகொண்டு மறுபடி தூக்குங்கள். இப்போது சுற்றக்கூடாது. சுற்றினால் இணைப்பு எங்கோ அறுந்திருக்கிறது. ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையை விடவே கூடாது.

4எல் எனும் குறைவேக, அதிக இழுவை நிலைக்கு வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் கிளட்ச் மிதித்து மாற்றுங்கள். முதல் கியரில் ஆக்சிலரேட்டர் தொடாமலே மனிதன் நடக்கும் வேகத்துக்கும் குறைவாக ஊர்ந்து போக வேண்டும். சத்தத்துடன் கியர் துள்ளி வெளியே வந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரிக்க வேண்டியிருக்கும்.

‘ஃபோர் வீலைப் போட்டதே இல்லை சார், புதுசு மாதிரி இருக்கு’ என்பார்கள். அது நல்ல செய்தி அல்ல. பல ஆண்டு அசையாமல் கிடந்த ஆக்சுவேட்டர் துருவேறி இறுகும், சீல்கள் காய்ந்து கசியும். மாதம் ஒருமுறை சில கிலோமீட்டர் மண்ணில் ஓடிய வண்டிதான் மேல்.

படி 4: வண்டிக்கு அடியில்

டார்ச்சும் படுக்க ஒரு சாக்கும் எடுத்துப் போங்கள்.

முன்சக்கரங்களின் உட்பக்கம் கிரீஸ் தெறித்திருந்தால் ஆக்சில் வளைந்து சுழல உதவும் சி.வி. ஜாயின்டை மூடும் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறது. முழு ஒடிப்பில் டக்டக் சத்தம் வந்தால் ஜாயின்டே போய்விட்டது. உயரத்தைக் கூட்ட லிஃப்ட் கிட் போட்ட வண்டியில் ஷாஃப்டின் கோணம் கூடுவதால் இது சீக்கிரம் நடக்கும். புரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால் பிடித்து முறுக்கி கிராஸில் ஆட்டம் உள்ளதா என்றும் பாருங்கள்.

அடுத்து ஆயில். முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல், டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்றிலும் ஊற்றும் பிளக்கைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள். ஆயில் துளையின் விளிம்பு வரை நிற்க வேண்டும். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆக்சில் மூச்சுவிட ஒரு பிரீதர் குழாய் உண்டு. அது அடைபட்டிருக்கும்போது சூடான ஆக்சில் ஆற்றில் இறங்கினால், உள்ளே காற்று சுருங்கி சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். காந்தப் பிளக்கில் மெல்லிய கறுப்புப் பசை சகஜம். உலோகச் சில்லு ஒட்டியிருந்தால் பல் உடைந்திருக்கிறது, பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

சேசிஸை சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள், முக்கியமாகச் சேறு தங்கும் பின் பட்டை ஸ்பிரிங் தாங்கிகளில். கணீரென்று கேட்க வேண்டிய இடத்தில் சத்தம் மந்தமாகக் கேட்டால் துரு அரித்திருக்கிறது. தூத்துக்குடி, இராமேஸ்வரம் போன்ற கடற்கரை ஊர்களில் மீன் ஏற்றிய வண்டி என்றால் இரட்டைக் கவனம். அடிப்பகுதி முழுக்கப் புதிதாகக் கறுப்பு அடித்திருந்தால் கீழே என்ன மறைந்திருக்கிறது என்று கேளுங்கள்.

கேபினுக்கும் பின்தொட்டிக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருந்தால், அதிக பாரத்தால் சேசிஸ் வளைந்திருக்கலாம். பட்டைகள் தட்டையாகிப் படிந்திருப்பதும் அதே கதையைச் சொல்லும்.

படி 5: தண்ணீரில் நின்ற வண்டியா?

2015, 2023 டிசம்பர் மாதங்களில் சென்னையிலும், 2018 ஆகஸ்டில் கேரளத்திலும் ஏராளமான வண்டிகள் மூழ்கின. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து மண் கறை தேடுங்கள். சீட் தண்டவாள போல்ட்டுகளில் துரு, தரை விரிப்புக்கு அடியில் வண்டல், ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் சேற்றுக் கோடு ஆகியவை எல்லாம் அடையாளம்.

படி 6: டயரும் மாற்றங்களும்

நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே வகை, ஏறக்குறைய ஒரே தேய்மானம். ஃபோர் வீல் வண்டியில் இது கட்டாயம், சுற்றளவு மாறினால் 4ஹெச்-ல் நேர்ப்பாதையிலும் முறுக்கு ஏறும். டயர் ஓரத்தில் உள்ள நான்கு இலக்கம் வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். முன்னால் இரும்பு புல் பார் இருந்தால் கழற்றச் சொல்லுங்கள், 2017 இறுதியிலிருந்து அதற்குத் தடை.

படி 7: பணமும் படிவமும்

சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்ட பிறகே பணம். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் உங்கள் முன்னிலையில் கையெழுத்து வாங்குங்கள். கடன் இருந்த வண்டி என்றால் வங்கியின் என்.ஓ.சி.யும், கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் சேர வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் விற்பவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்குபவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் உங்கள் வண்டிச் சேதத்துக்கு இழப்பீடு கிடைக்காமல் போகலாம்.

வாங்கியபின் வரும் பராமரிப்புச் செலவுக்கென விலையில் பத்தில் ஒரு பங்கைக் கையில் வைத்துக்கொண்டே பேரம் பேசுங்கள். வாங்கிய வாரத்திலேயே இன்ஜின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு டிஃபரன்ஷியல் ஆகிய ஐந்து இடத்திலும் கையேட்டில் சொன்ன ஆயிலை மாற்றி, டீசல் ஃபில்டரையும் புதிதாகப் போடுங்கள். ஆயில் மாற்றும்போது முதலில் ஊற்றும் பிளக்கைத் தளர்த்துங்கள், பிறகுதான் வடிக்கும் பிளக். ஊற்றும் பிளக் இறுகிக் கழறாமல் போனால், வடித்த வண்டி அங்கேயே நிற்கும்.