சோஃபா ஸ்கோரில் காலிக் கட்டங்களை எப்படிக் கையாள்வது?

சோஃபா (SOFA) என்பது மூச்சு, ரத்தம், கல்லீரல், ரத்த ஓட்டம், மூளை, சிறுநீரகம் என ஆறுக்கும் தலா 0 முதல் 4 வரை போடும் ஐசியூ மதிப்பெண்; 0 என்றால் இயல்பு, கூடினால் நிலைமை மோசம். தேவகோட்டை, புதுவயல், திருப்பத்தூர்ப் பக்கமிருந்து ராத்திரியில் காரைக்குடி ஐசியூவுக்கு வரும் நோயாளியோடு பெரும்பாலும் ஒரு ரெஃபரல் சீட்டுதான் வரும். பிபி, சுகர் எழுதியிருக்கும். பிலிருபினும் (கல்லீரல் சோதனை) ஏபிஜியும் (தமனி ரத்தத்தின் வாயுச் சோதனை) இருக்காது. காலை ரவுண்ட்ஸுக்குள் சோஃபா போட்டாக வேண்டும் என்பதால், காலியான கட்டத்தில் பூஜ்யம் போட்டு ஒப்பேற்றிவிடுகிறோம்.

அதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்றே: இந்த அளவு ஏன் இல்லை? மஞ்சள் காமாலைக்கான அறிகுறியே இல்லை, அதனால் டாக்டர் பிலிருபின் கேட்கவில்லை என்றால் பூஜ்யம் ஏறக்குறைய சரி. ராத்திரி லேப் இல்லை, ரத்தம் உறைந்து சாம்பிள் வீணாகிவிட்டது, வந்த மூன்று மணி நேரத்தில் இறந்துவிட்டார் என்றால் அது தவறு. பின்னிரண்டும் மோசமான நோயாளிகளிடம்தான் அதிகம் நடக்கும். இப்படிப் பூஜ்யங்கள் சேரச் சேர எதிர்பார்க்கும் இறப்பு குறைந்து தெரியும். நடந்த இறப்போடு ஒப்பிட்டால் யூனிட்டே மோசம் என்று வரும். எனவே சார்ட்டில் 'தேவைப்படவில்லை', 'எடுக்க முடியவில்லை', 'நேரமில்லை' என்று காரணத்தையும் எழுதுங்கள்.

ஏபிஜி இல்லாதபோது

எஸ்பிஓ2 (விரலில் மாட்டும் ப்ரோப் காட்டும் ஆக்சிஜன் அளவு) 97 சதவீதம் அல்லது அதற்குக் கீழே இருந்தால் அதை வைத்தே கணக்கிடலாம். எஸ்பிஓ2-வை எஃப்ஐஓ2-வால் (உள்ளிழுக்கும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு) வகுத்து, 64-ஐக் கழித்து, 0.84-ஆல் வகுத்தால் பிஎஃப் விகிதத்துக்கு (பிஏஓ2, அதாவது தமனி ரத்தத்தின் ஆக்சிஜன் அழுத்தம், வகுத்தல் எஃப்ஐஓ2) நெருக்கமான எண் வரும். உதாரணமாக, மூக்குக் குழாயில் 4 லிட்டர் என்றால் எஃப்ஐஓ2 சுமார் 0.36. எஸ்பிஓ2 94 என்றால் விகிதம் 261, பிஎஃப் சுமார் 235. இதற்கு 2 மதிப்பெண். பூஜ்யம் போட்டிருந்தால் இரண்டும் போயிருக்கும். 98, 99 காட்டினால் இந்தக் கணக்கு ஓடாது. அந்த இடத்தில் பிஏஓ2 எவ்வளவு ஏறினாலும் எஸ்பிஓ2 அசையாது. ஆக்சிஜனைக் குறைத்து 92-96க்குள் கொண்டுவந்து பிறகு எழுதுங்கள். கை கால் சில்லிட்டிருந்தால் ப்ரோபை நம்பாதீர்கள்.

ஜிசிஎஸ்

கண், பேச்சு, அசைவு மூன்றையும் பார்த்து 3 முதல் 15 வரை போடும் நினைவுநிலை மதிப்பெண் இது. அதிகம் தவறுவது இங்கேதான். மூச்சுக்குழாயில் டியூப் போட்டவரின் பேச்சுக்கு யோசிக்காமல் 1 போடக் கூடாது. சைகையில் ஒழுங்காகப் பதில் சொல்கிறார் என்றால் 5, சந்தேகமாக இருந்தால் 3, எதற்கும் அசைவில்லை என்றால் 1. மயக்க மருந்து ஓடுகிறது என்றால், அது தொடங்குமுன் நம்பிக்கையாகப் பார்த்த கடைசி ஜிசிஎஸ்ஸை எழுதுங்கள். அனுப்பிய மருத்துவமனைக்கு ஒரு போன் போட்டால் கிடைத்துவிடும்.

கட்டுவிரியன் கடிக்குத் தனிக் கவனம். இமை தூக்க முடியாமல், கை கால் அசையாமல் வென்டிலேட்டரில் கிடப்பவருக்கு ஜிசிஎஸ் 3 என்று போட்டால் சோஃபாவில் 4 மதிப்பெண் ஏறும். ஆனால் நினைவு முழுதாக இருக்கலாம். கண் பாவை விரிந்து நிலைத்திருந்தாலும் மூளை போய்விட்டது என்று எண்ணிவிடாதீர்கள். இமையை விரலால் தூக்கிப் பிடித்து, கால் பெருவிரலை லேசாக அசைக்கச் சொல்லிப் பாருங்கள். கட்டத்தில் 'மதிப்பிட இயலாது' என்று எழுதி, விஷத்தால் தசைகள் செயலிழக்குமுன் இருந்த ஜிசிஎஸ்ஸைக் கணக்கில் கொள்ளுங்கள்.

எடை

ரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கும் நாரட்ரினலினின் அளவை ஒரு கிலோ எடைக்கு இவ்வளவு என்று கணக்கிடுவதால் எடை வேண்டும். படுத்த நோயாளியை யாரும் நிறுப்பதில்லை. 50 மில்லியில் 4 மில்லிகிராம் கலந்து மணிக்கு 5 மில்லி ஓடினால் நிமிடத்துக்கு 6.7 மைக்ரோகிராம். எடை 60 கிலோ என்றால் கிலோவுக்கு 0.11; 0.1-ஐத் தாண்டிவிட்டதால் 4 மதிப்பெண். 70 கிலோ என்றால் 0.095, அதாவது 3. கண்ணால் பார்த்துச் சொல்லும் பத்துக் கிலோவில் ஒரு மதிப்பெண் மாறுகிறது. கூட வந்தவரைக் கேளுங்கள், பழைய ஃபைலைப் பாருங்கள், 'உத்தேசம்' என்று குறியுங்கள். ஒருமுறை எழுதிய எடையையே எல்லா நாளும் வையுங்கள். ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் மாற்றினால் நோய் மாறாமலேயே ஸ்கோர் ஏறி இறங்கும்.

சிறுநீரில், கதீட்டர் போட்டவுடன் வரும் முதல் அளவு தேங்கியிருந்தது, அதைக் கூட்டாதீர்கள். அதன் பிறகு 8 மணி நேரத்தில் 120 மில்லி என்றால் நாளுக்கு 360. அது 500க்குக் கீழ், 3 மதிப்பெண். இதற்கும் 'உத்தேசம்' என்ற குறி உண்டு.

நேற்றைய அளவை இன்றைக்கு எடுத்துக்கொள்ளலாமா? பிலிருபினுக்கு ஒரு நாள்வரை பரவாயில்லை. சிறுநீர் சரியாகப் போகிறது என்றால் கிரியேட்டினினுக்கும் அப்படியே. டெங்கு நோயாளியின் பிளேட்லெட்டை மட்டும் ஒருபோதும் எடுத்துவராதீர்கள். அரை நாளில் பாதியாகலாம்.

ஆய்வுக்குத் தரவு திரட்டுவோர் காலிக் கட்டங்களைச் சராசரியால் நிரப்ப வேண்டாம், சிதறல் சுருங்கிவிடும். பன்முறை நிரப்பல் (மற்ற அளவுகளை வைத்து விடுபட்டதைப் பலமுறை மதிப்பிட்டு நிரப்புவது) செய்து, பிழைத்தாரா இறந்தாரா என்பதையும் மாதிரிக்குள் சேருங்கள். பூஜ்யம் போட்ட கணக்கையும் பக்கத்திலேயே வெளியிடுங்கள். முடிவு இரண்டிலும் ஒன்றாக வராவிட்டால் அதையும் எழுதுங்கள்.